தழும்பும் தந்தியும்

1

இந்த நாட்டில் வயிற்றில் தழும்போடு இருக்கும் கர்ப்பிணிக்கு முதல் கட்டளை, தண்ணீர் குடி என்பதுதான். ஸ்கேன் எடுக்கும் நாளில் ஒரு லீட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, ஒன்றுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு ட்ராம் ஏறி வரவேண்டும். நிறைந்த சிறுநீர்ப்பையின் வழியாகப் பார்த்தால்தான் கருப்பையின் கீழ்ப்பகுதி படத்தில் தெரியுமாம். எங்கள் மலைநாட்டுப் பசறை ரோட்டு வளைவுகளில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்று நினைத்தேன். நினைப்புத்தான் பிழைப்பைக் கெடுத்தது. ட்ராம் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் பிரேக் போடும்போது நான் மாரியம்மனைக் கூப்பிட்டேன்.

இன்று சின்னவனுக்கு ஒரு வயது. இந்த ஒரு வருடமாக ஊரிலிருந்து வரும் கடிதங்களில் ஒரே கேள்விதான். "ஜெர்மனி வரைக்கும் போயும் ஏன் வயித்த வெட்டிக்கிட்ட? அங்க மெஷின்ல எல்லாம் பாப்பாங்கன்னாங்களே?" ஆளுக்கொரு பதில் எழுதிக் கை வலித்துவிட்டது. ஆகையால் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். மெஷினில் பார்த்ததால்தான் வெட்டிக்கொண்டேன். மெஷினில் தெரியாத ஒன்றும் இருந்தது. அதை என் வாயால்தான் சொல்லவேண்டி இருந்தது, சொல்ல எனக்கு நாலு மாதம் பிடித்தது.

2

செல்வி என் மூத்தவள். பதுளை ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செய்து எடுத்த பிள்ளை. இங்கே வந்த இரண்டாவது வருடமே அவளுக்கு இவர்கள் பாஷை தண்ணீர்பட்ட பாடு. நான் ஏதாவது கேட்டால் தமிழில் தொடங்கி, பாதியில் தடம் மாறி, ஜெர்மனில் போய் நிற்பாள். அவளுடைய அப்பா ஓட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறார். அங்கே பாஷை தேவையில்லை, கைதான் தேவை. எனவே அலுவலகம், ஆஸ்பத்திரி, ஸ்கூல் எங்கே போனாலும் பத்து வயதுப் பிள்ளைதான் எங்கள் வாய்.

அலுவலகங்களில் அவள் அதிகம் மொழிபெயர்த்த சொல், எரிந்துவிட்டது என்பது. பிறப்பு அத்தாட்சி எங்கே? எரிந்துவிட்டது. கல்யாணப் பதிவு? எரிந்துவிட்டது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் பதுளை டவுனில் நாங்கள் இருந்த வாடகை வீடு போனபோது எல்லாம் போயிற்று. மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஒருநாள் பேனாவை வைத்துவிட்டு, "எல்லாமேவா?" என்று கேட்டார். செல்வி என்னிடம் கேட்காமலே ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலும் அதே கதைதான். டொக்டர் அம்மா உயரமானவர், நரைத்த தலை, சிரிப்பதற்கு யோசிப்பவர். என் வயிற்றில் தொப்புளுக்குக் கீழே நீளவாக்கில் இறங்கும் தழும்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே கருப்பையை எப்படி வெட்டினார்கள், நீளமாகவா குறுக்காகவா என்று கேட்டார். தோலில் இருக்கும் வெட்டை வைத்து உள்வெட்டைச் சொல்ல முடியாதாம். குறுக்கு வெட்டு என்றால் பெரும்பாலும் தாங்கும், நீள வெட்டு என்றால் வலி வரும்போது பிரிந்துவிடும் பயம் அதிகம். ஒப்பரேஷன் விவரம் எழுதிய அட்டை இருக்கிறதா?

அட்டையும் வீட்டோடு எரிந்துவிட்டது. ஆனால் பதுளையில் வீட்டுக்கு அனுப்பும்போது தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ், உள்ளே குறுக்காகத்தான் வெட்டியிருக்கிறது, பயப்படாதே என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதைச் சொன்னேன். டொக்டர் எழுதிக்கொண்டார்.

அடுத்த கேள்வியை செல்வி என் முகத்தைப் பார்த்து மொழிபெயர்த்தாள். "நான் பொறந்ததுக்கு அப்புறம் ஒனக்குக் காய்ச்சல் வந்துச்சா, காயம் பழுத்துச்சான்னு கேக்குறாங்கம்மா."

"இல்லேன்னு சொல்லு" என்றேன்.

3

அது பச்சைப் பொய்.

பசறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என்னை வளர்த்தவள் என் அக்கா காமாட்சி. அவள் கொழுந்து பறிப்பவள். நான் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தேன். பறிக்கப் போகும் பெண்கள் விட்டுச் செல்லும் பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டிப் பால் கரைத்துக் கொடுப்பது என் வேலை. லொறி ஓட்டுபவரைக் கட்டிக்கொண்டு பதுளை டவுனுக்குப் போனேன். தலைப்பிரசவத்துக்கு வழக்கப்படி அக்கா இருந்த லயத்துக்கே, தோட்டத்து வரிசை வீட்டுக்கே, வந்தேன். இரண்டு நாள் வலித்தும் பிள்ளை இறங்கவில்லை. பதுளைக்கு அனுப்பினார்கள். வெட்டி எடுத்தார்கள், நானும் பிள்ளையும் பிழைத்தோம். பத்தாம் நாள் தையல் பிரித்து அக்காவின் ஒற்றை அறைக் காம்பராவுக்குத் திரும்பினேன்.

ஆஸ்பத்திரியில் காயத்தை நனைக்காதே என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அக்காவும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் எங்கள் லயத்தில் பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் ஊற்றாமல் விடுவது, பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைக்காமல் விடுவது மாதிரி. நொச்சி, வேப்பிலை, ஆமணக்கு இலை எல்லாம் போட்டுக் கொதிக்க வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலாகவே, இடுப்பிலும் அடிவயிற்றிலும் சொம்பு சொம்பாக வீசி அடித்து ஊற்றுவார்கள். வயிற்றில் உள்ள அழுக்கு இறங்கும், வயிறு சுருங்கும், இடுப்பு கெட்டிப்படும் என்பார்கள். ஊற்றிய பிறகு பழைய சேலையைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார்கள்.

"நனைக்க வேணாம்னாங்களேக்கா" என்று கேட்டேன்.

"அவங்க மருந்து மேல் காயத்துக்கு. உள்ள கெடக்குற அழுக்க யாரு எடுக்குறது? அம்மா இருந்திருந்தா விட்ருப்பாளா? பேசாம குனிஞ்சு நில்லுடி."

குனிந்து நின்றேன். வலித்தபோது அவளும் அழுதாள், ஆனால் ஊற்றுவதை நிறுத்தவில்லை. அடுத்த நாளும் ஊற்றினாள். மூன்றாம் நாள் அவள், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போன பிறகு எனக்குக் குளிர் எடுத்தது. சேலைக்கட்டை அவிழ்த்துப் பார்த்தால் காயத்தின் கீழ்முனை வாய் திறந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது. கொழுந்து லொறியில், கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவே, மறுபடியும் பதுளைக்கு இறங்கினேன். ஒரு மாதத்துக்குக் கிட்ட வார்டில் கிடந்தேன். காய்ச்சலில் என்ன உளறினேனோ தெரியாது. செல்விக்கு லயத்தில் யார் யாரோ பால் கொடுத்தார்கள்.

என்ன நடந்தது என்று பதுளை டொக்டர் கேட்டபோது, துணி அலசப் பீலிக்குப் போனேன், வழுக்கி விழுந்துவிட்டேன் என்றேன். பீலி என்பது லயத்துக்குத் தண்ணீர் விழும் குழாய்க்கரை. என் வீட்டுக்காரரிடமும் அதையே சொன்னேன், அக்காவிடமும் அதையே சொன்னேன். என்னைப் பெறாமல் பெற்றவள், உன் கையால்தான் இது வந்தது என்று கேட்டால் அன்றைக்கே உடைந்து போயிருப்பாள். அவளுக்காகச் சொன்ன பொய் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

4

ஏழாம் மாதத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன். இருட்டறை, வயிற்றில் குளிர்ந்த பசை, அதன்மேல் இஸ்திரிப்பெட்டி மாதிரி ஒன்றை வைத்து இழுப்பார் டொக்டர். திரையில் கறுப்பாகத் தெரிவது நான் குடித்த தண்ணீர். அதற்குக் கீழே பிள்ளையின் தலை. இரண்டுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. அந்தக் கோடுதான் என் கருப்பையின் சுவர், என் தழும்பு இருக்கும் இடம். அதன் கனத்தை அளந்து அளந்து எழுதுவார். என் பிள்ளைக்கும் சாவுக்கும் நடுவில் அவ்வளவுதான் இடைவெளி என்று அங்கே படுத்துக்கொண்டு நினைத்தேன்.

ஒருநாள் ஒரே இடத்தில் நெடுநேரம் பார்த்தார். பிறகு செல்வியிடம் நிதானமாகப் பேசினார்.

"ஒரு எடத்துல கோடு மெலிசா இருக்காப்ல தெரியுதாம்மா. ஆனா நிச்சயமா சொல்ல முடியாதாம். சாய்ச்சு பாத்தா அப்படித் தெரியுமாம். காயம் நல்லா ஆறியிருந்தா வலி வரட்டும், பக்கத்துல நின்னு பாத்துக்கலாம், நீயே பெத்துக்கலாம்னு சொல்றாங்க. படம் பாதிதான் சொல்லுமாம். மிச்சத்த நீதான் சொல்லணுமாம். காய்ச்சல் ஒண்ணும் வரலியான்னு திரும்பவும் கேக்குறாங்க."

நானே பெற்றுக்கொள்ள எனக்கும் ஆசைதான். இங்கே எனக்குக் கஞ்சி வைத்துத் தர ஆள் கிடையாது. வெட்டிக்கொண்டு வந்து படுத்தால் பத்து வயதுப் பிள்ளை சமைக்கவேண்டும். அக்காவும் ஒவ்வொரு கடிதத்திலும், இந்தத் தடவையாவது நல்லபடியாகப் பெற்றுக்கொள் என்றே எழுதிக்கொண்டிருந்தாள். இன்னொரு பொய்யில் என்ன வந்துவிடப் போகிறது?

"இல்லேன்னு சொல்லு."

செல்வி சொன்னாள். ஆனால் ட்ராமில் என் பக்கத்தில் உட்காராமல் எதிர் சீட்டில் போய் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது கேட்டாள்.

"அம்மா, நீ பொய் சொல்றப்ப தாலிய புடிச்சுக்குவ. ஆபீஸ்ல அப்பா சம்பளத்த கேட்டப்பவும் புடிச்ச. இன்னைக்கும் புடிச்ச."

"சும்மா கெட."

"நான் பொறந்ததாலதான் ஒனக்கு ஏதோ ஆச்சு. என்கிட்ட மறைக்கிற. இனிமே நான் வர மாட்டேன். நீயே பேசிக்க."

பிறகு ஜெர்மனில் என்னவோ சொல்லிக் கதவைச் சாத்தினாள். எனக்குப் புரியாத பாஷையில் என் பிள்ளை அழுவதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். அக்காவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு என் மகளைக் குற்றவாளியாக்கி வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வயிற்றில் இருந்தவனின் உயிரையும் அல்லவா அந்தப் பொய்மேல் ஏற்றி வைத்திருந்தேன். வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன, இரண்டும் என்மேல்தான்.

5

அடுத்த ஸ்கேனுக்கு ஒரு வாரம் இருந்தது. செல்வியின் பள்ளிக்கூட அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடம் செய்தேன். சூடு. தண்ணீர். காயம். சீழ். காய்ச்சல். அக்கா. ஓட்டலிலிருந்து வந்த வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்னா லெச்சுமி, பரீட்சையா?" என்றார். "ஆமாங்க, இது தோத்தா திரும்ப எழுத முடியாது" என்றேன். அவரிடமும் அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அகராதியை என் பக்கம் தள்ளினார். பிறகு, "நாளைக்கே போய்ச் சொல்லு" என்றார்.

தனியாகப் போனேன். ஒரு லீட்டர் தண்ணீரையும் சுமந்துகொண்டுதான் போனேன். டொக்டர் செல்வியைத் தேடினார். இல்லை, நான் பேசுகிறேன் என்று கையைக் காட்டினேன்.

"பத்து வருடம் முன். குழந்தை பின். சூடு தண்ணீர். நிறைய சூடு. வயிறு மேல். அக்கா ஊற்றியது. காயம் திறந்தது. சீழ். காய்ச்சல். ஒரு மாதம் ஆஸ்பத்திரி. முன்பு நான் பொய்."

இவர்கள் பாஷையில் அக்காவுக்கும் நர்ஸுக்கும் ஒரே சொல். டொக்டர் அம்மா கண்ணை விரித்து, ஆஸ்பத்திரியிலா ஊற்றினார்கள் என்று கேட்டார். எங்கள் பதுளை நர்ஸின் பெயர் கெட நான் விடுவேனா? "இல்லை, இல்லை, என் அம்மாவின் மகள்" என்று மேசையில் தட்டிச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை. படத்தையும் என் பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வலி வரக் காத்திருக்க வேண்டாம், அதற்கு முன்பே ஒப்பரேஷன் என்றார். இடையில் அடிவயிற்றில் சின்ன வலி வந்தாலும் உடனே வா என்று கடிகாரத்தைக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து செல்வியை உட்கார வைத்துச் சொன்னேன். அவள் பிறந்ததால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை, பிறகு நாங்கள் செய்த தவறால் ஆனது என்று. அவள் முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பெரியம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவங்கிட்ட எப்ப சொல்லுவ?"

அவளுடைய அகராதியை எடுத்து அவள் பையில் வைத்தேன். தாலியைத் தொடவில்லை.

6

சின்னவன் நல்லபடியாகப் பிறந்தான். இரண்டாம் நாள் டொக்டர் கட்டிலருகில் வந்து உட்கார்ந்தார். செல்வி மறுபடியும் என் வாயாகப் பக்கத்தில் நின்றாள். வெட்டு குறுக்காகத்தான் இருந்ததாம், நர்ஸ் சொன்னது சரி. ஆனால் தழும்பின் ஒரு பக்கத்தில் சதையே இல்லை. பாலில் படியும் ஆடை மாதிரி ஒரு மெல்லிய படலம்தான் மிச்சம். அதன் வழியாகப் பிள்ளையின் தலைமயிர் தெரிந்ததாம்.

"வலி வந்திருந்தா அது கிழிஞ்சிருக்குமாம்மா" என்றாள் செல்வி. ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. பிறகு அவளாகவே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

7

அக்காவுக்கு எழுதவேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். தாயும் பிள்ளையும் நலம் என்பதற்கு மேல் பேனா ஓடவில்லை. டொக்டரிடம் ஆறு சொல்லில் சொன்னதை அக்காவிடம் என் சொந்தப் பாஷையில் சொல்ல முடியவில்லை.

சின்னவனுக்கு நாலு மாதம் ஆனபோது அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. அவளுடைய மருமகள் பூங்கொடிக்குப் பதுளையில் ஒப்பரேஷன் செய்து ஆண்பிள்ளையாம். சின்னப் பெண், தாயில்லாதவள், அடுத்த வாரம் லயத்துக்குக் கூட்டி வருகிறோம், உனக்குச் செய்த மாதிரி இவளுக்கும் எல்லாம் நான்தான் செய்யவேண்டும் என்று எழுதியிருந்தாள். உறையில் இருந்த தேதியைப் பார்த்தேன். அந்த அடுத்த வாரம் ஏற்கனவே தொடங்கியிருந்தது.

கடிதம் போய்ச் சேர பன்னிரண்டு நாள் ஆகும். அக்காவின் மனதைப் பார்த்துப் பார்த்து இன்னொருத்தியின் வயிற்றைத் திறக்க விடுவதா? வீட்டுக்காரரை வேலைக்குப் போகாதீர்கள் என்று நிறுத்தினேன்.

"என்னங்க, தந்தி அடிங்க."

"தந்தி கண்டா லயமே எழவு விழுந்துருச்சுன்னு அழுவும் புள்ள."

"அழட்டும். வெந்நி ஊத்தாம அழட்டும்."

பூங்கொடிக்கு வெந்நீர் ஊற்றாதே, என் காயம் அதனால்தான் திறந்தது, கடிதம் வருகிறது, லெச்சுமி. இவ்வளவுதான். இங்கிலீஷில் அடித்தோம். இங்கே தபால் நிலையத்தில் இருந்த பெண் செய்தியை இரண்டு தடவை படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அன்றே உட்கார்ந்து கடிதத்தையும் எழுதினேன். வெந்நீர், காய்ச்சல், பீலி என்று நான் சொன்ன பொய், பால் ஆடை மாதிரி இருந்த தழும்பு, எதையும் விடவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை அக்கா என்று எழுதும்போது காகிதம் நனைந்தது. வேறு காகிதம் எடுத்து எழுதினேன்.

ஊரிலிருந்து பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நாட்களில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. வெட்டியது வெட்டியதுதான், எழுதியது எழுதியதுதான் என்று சொல்லிக்கொண்டேன். திரும்ப எடுக்க எனக்கு மனமும் இல்லை.

அக்கா பேசுகிற மாதிரியே எழுதுவாள். வந்த கடிதத்தை அப்படியே தருகிறேன்.

"லெச்சுமிக்கு அக்கா எழுதிக்கிறது. தந்தி தோட்டத்து ஆபீசுக்கு வந்துச்சு. கிளாக்கர் ஐயா அதக் காலப் பெரட்டுல வச்சு, எல்லாரும் நிக்கையில சத்தமா படிச்சாரு. மொதல்ல அழுதவுக அப்புறம் சிரிச்சாக. நான் சிரிக்கல. இப்ப மலைக்கே தெரியும், நல்லதுதான். பயப்படாத. பூங்கொடிக்கு நான் ஊத்தல. காயம் காஞ்சு போச்சு, புள்ள நல்லா பால் குடிக்கிறான். ஒனக்கு ஊத்துனதுக்கு அப்புறம், வெட்டுன வயித்துக்கு இந்தக் கையால நான் ஊத்துனதே இல்ல. இந்த லயத்துல யாரையும் ஊத்த விட்டதும் இல்ல. ஏன்னு கேட்டவுகளுக்குக் காரணம் சொல்லத்தான் எனக்கு வாய் வரல. நீ பீலியில வழுக்கி விழுந்தேன்னு சொன்ன. வெளிய வராம காம்பராவுல படுத்துக் கெடந்தவளுக்கு எங்க தெரியப்போவுது? அந்த வாரம் பூரா பீலி காஞ்சு கெடந்துச்சுடி. ஒனக்கு ஊத்துன தண்ணிய நான் ஆத்துலருந்து சொமந்து வந்தேன்."